முதல் நூறிலேயே தோற்கும் பந்தயம்

1500 மீட்டர் பந்தயத்தில் முதல் நூறை அடித்துப் பிடித்து முடித்துவிட வேண்டும், அப்போது மிச்சம் பிடித்த விநாடிகள் கடைசியில் கைகொடுக்கும் என்று எங்கள் குன்றத்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் ஒருவர் வாதிடுகிறார். பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். குளத்தங்கரையில் இதைவிடப் பெரிய அபத்தத்தை நான் கேட்டதில்லை.

மிச்சம் பிடிக்கும் விநாடிக்கு என்ன விலை என்று அவர் சொல்வதே இல்லை. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அதை மீறி நீந்தத் தேவையான திறனோ மும்மடியாக ஏறும். வேகத்தை ஐந்து சதவீதம் கூட்டினால் உடல் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். பத்து சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்படிப் பாய்ந்த பிள்ளையை ஐந்நூறாவது மீட்டரில் பாருங்கள். முழங்கை தொங்கும், இடுப்பு தாழும், மூச்சுக்காகத் தலையைத் தூக்கும். ஆரம்பத்தில் கிடைத்த இரண்டு விநாடிக்கு ஈடாக ஒவ்வொரு நூறிலும் விநாடிகள் பறிபோகும்.

அவர் காட்டும் சான்று 2024 பாரிஸ் ஒலிம்பிக். அமெரிக்க நீச்சல் வீரர் பாபி ஃபின்க் 1500 மீட்டரில் தொடக்கத்திலேயே முன்னேறி 14:30.67 என்ற உலக சாதனையைப் படைத்தார், உண்மைதான். அந்த நேரத்தை ஐம்பது மீட்டர் குளத்தின் 30 நீளங்களுக்குப் பகிர்ந்தால் நீளத்துக்கு 29 விநாடி. கடைசி ஐம்பதை அவர் முடித்தது 26 விநாடிச் சொச்சத்தில். முதல் நூறிலேயே தீர்ந்துபோனவர் இப்படியா முடிப்பார்? டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் இதே ஃபின்க், கடைசித் திருப்பம் வரை முன்னால் இருந்த இத்தாலிய வீரர் பால்ட்ரினியேரியை 0.24 விநாடியில் வென்றாரே, அதை ஏன் மறைத்தார்? தனக்குத் தோதானதை மட்டும் பொறுக்கிக் காட்டுவது நேர்மையல்ல.

அவருடைய முறை இங்கே பலிப்பதுபோலத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் அடுக்குமாடிக் குளங்கள் குட்டையானவை. நாலு வீச்சுக்கு ஒரு சுவர். சுவரை உதைத்துச் சறுக்கும்போதெல்லாம் கைக்கு ஓய்வு. அதே பிள்ளை பல்லாவரம் தாண்டி வேளச்சேரியின் 50 மீட்டர் குளத்தில் இறங்கும்போது அந்த ஓய்வு கிடைக்காது. சாயம் அங்கே வெளுக்கும். அவமானம் பிள்ளைக்கு, பயிற்சியாளருக்கு அல்ல. எனக்கு ஆத்திரம் வருவது இதற்காகத்தான்.

நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் பெயரையும் இழுக்கிறார்: 1994-ல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தது துணிச்சலால்தானே என்று. துணிச்சல் கடலில் இறங்க வைக்கும்; கரை சேர்ப்பது நிதானம். 1954-ல் அதே நீரிணையைக் கடக்க வல்வெட்டித்துறையில் இறங்கிய நவரத்தினசாமி கோடியக்கரை சேர ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தினார். முதல் மணியிலேயே தோளைத் தீர்த்துக்கொள்பவரால் அது ஆகிற காரியமா?

பெற்றோர்களே, அடுத்த முறை ஸ்டாப்வாட்சை நீங்களே பிடியுங்கள். ஒவ்வொரு நூறின் நேரத்தையும் எழுதுங்கள். டைவ் அடித்துத் தொடங்குவதால் முதல் நூறு ஓரிரு விநாடி குறையலாம். மற்றவை ஒன்றையொன்று ஒட்டியே வர வேண்டும். நாலாவது நூறு பத்து விநாடி பின்தங்கினால், அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து விளக்கம் கேளுங்கள்.