கருணை மட்டும் காட்டியிருந்தால் தப்பியிருப்பார்

ஒவ்வொரு மே தினத்துக்கும் நாங்கள் சிக்காகோவைப் பற்றிக் கதைக்கிறோம். 1886 மே 4, ஹேமார்க்கற் சதுக்கம், பொலிஸார் நடுவில் வெடித்த குண்டு, பிறகு தூக்குமேடை. அத்தோடு கதை முடிந்துவிடும். செத்தவர்களைக் கொண்டாடுகிற எங்கட மேடைகள், அந்த வழக்கே பிழை என்று அரச ஆவணமாக எழுதிவைத்த மனிசனின் பெயரைச் சொல்வதில்லை.

குண்டை எறிந்தது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேரைக் குற்றவாளிகளாக்கினார்கள். 1887 நவம்பர் 11 இல் நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல்நாள் ஒருவர் சிறைக்கூண்டுக்குள்ளேயே இறந்துபோனார். மிச்சம் பீல்டன், ஸ்வாப், நீபி ஆகிய மூன்று பேர் சிறையில் கிடந்தார்கள்.

1892 இல் ஜோன் பீற்றர் ஆல்ற்கெல்ட் இலினோய்ஸ் மாநில ஆளுநராகத் தெரிவானார். எங்கட மாகாண ஆளுநர் மாதிரி ஜனாதிபதி நியமிக்கிற பதவி இல்லை அது. சனம் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்வது. ஜேர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். பிறகு சட்டத்தரணி, நீதிபதி. சிறை அமைப்பு ஏழைகளைப் பிடித்து இன்னும் கெடுக்கிறது என்று 1884 இலேயே புத்தகம் எழுதியவர்.

மூவரையும் விடச்சொல்லி சிக்காகோவின் வியாபாரிகளும் வங்கிக்காரரும்கூடக் கையெழுத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலானோர் சொன்ன நியாயம் இதுதான்: குற்றவாளிகள் என்றே வைத்தாலும், அனுபவித்த தண்டனை காணும். அந்த வழியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், நல்ல மனிசன் என்று பெயர் எடுத்திருப்பார்.

ஆல்ற்கெல்ட் அதைச் செய்யவில்லை. விசாரணை நேர்மையாக நடந்திருந்தால் தான் தலையிடவே கூடாது என்றார். நேர்மையாக நடக்கவில்லை என்று பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜூரிகள் தண்டிப்பதற்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். குண்டெறிந்தவனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. நீதிபதி கேரி பக்கச்சார்பாக நடந்தார். 1893 ஜூன் 26 இல் அந்தக் காரணங்களோடு மூவரையும் விடுவித்தார்.

பத்திரிகைகள் கொதித்தன. அராஜகவாதி என்றன, அந்நியன் என்றன. யோசித்துப் பாருங்கோ: விடச்சொல்லிக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்தானே? பிறகேன் கோபம்? விடுதலை சுடவில்லை. காரணம் சுட்டது. கருணை காட்டினால் நீதிமன்றத்தின் மரியாதை தப்பும், கைதி மட்டும் காலம் முழுக்கக் குற்றவாளியாகவே திரிவான். காரணம் சொன்னால் குற்றவாளிக்கூண்டில் அரசே ஏறவேண்டும்.

'நாலு பேர் செத்த பிறகு இது என்னத்துக்கு?' என்று கேட்பினம். செத்தவர்களுக்கும் இதே வழக்குத்தானே, இதே ஜூரிதானே? மூன்று பேருக்கு எழுதிய காரணம் எட்டுப் பேருக்கும் பொருந்தும். வெறும் கருணைக்கு அந்த வலு கிடையாது.

ஆல்ற்கெல்ட்டைப் புனிதராக்கவும் நாங்கள் தயாரில்லை. 1894 புல்மன் வேலைநிறுத்தத்தில், தன்னைக் கேளாமல் ஜனாதிபதி கிளீவ்லன்ட் இராணுவத்தை அனுப்பியதை எதிர்த்தவர்தான். ஆனால் மாநிலப் படையைத் தானும் இறக்கினார். 1896 தேர்தலில் தோற்றார், 1902 இல் இறந்தார்.

வாற மே தினத்தில் தூக்கிலேறிய நாலு பெயரோடு இந்தப் பெயரையும் சொல்லுவம். மாலை போட இல்லை. எந்த அரசாவது ஒரு கைதிக்கு 'மன்னிப்பு' என்று நீட்டும்போது, காரணம் எங்கே என்று கேட்கப் பழகுவதற்கு.