ஐ-செவன் போதுமா சார்?

எங்க சொசைட்டி லிஃப்ட்ல மாசத்துக்கு ஒருத்தராவது என்னை மடக்கிக் கேட்கிற கேள்வி இது. "சார், நீங்க ஐடிலதானே இருக்கீங்க? பையன் டுவெல்த் முடிச்சுட்டான், நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கணும். ஐ-செவன் போதுமா, இல்ல ஐ-நைனே போயிடலாமா?"

பொட்டி தட்டுறவனுக்கெல்லாம் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்ங்கறது நம்ம மக்களோட நம்பிக்கை. அது கிடக்கட்டும். நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "பையன் கேம் ஆடுவானா?"

உடனே முகம் மாறும். "சேச்சே.. அதெல்லாம் கிடையாது சார். கோடிங், புராஜெக்ட், இந்த மாதிரிதான்." பக்கத்துல நிற்கிற பையன் லிஃப்ட் கதவையே உத்துப் பார்த்துக்கிட்டு இருப்பான்.

நம் வீடுகளில் காசைக் கொட்டி உதவாத கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முதல் காரணம் கடைக்காரர் இல்லை. இந்தப் பொய்தான். பையனை அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிற நாம்தான்.

ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி சொந்தக் கதையைச் சொல்லிடறேன். 2020 ஆகஸ்ட். ஆன்லைன் கிளாஸ் காலம். "என்னத்துக்குடா கம்ப்யூட்டர்?" என்றேன். "புராஜெக்ட்டுக்குப்பா" என்றான். நேரு பிளேஸில் ஒரு கடைக்குப் போனோம். "சாப், ஐ-செவன் லே லோ, தஸ் சால் சலேகா" என்றார் கடைக்காரர். பத்து வருஷம் ஓடும் என்றதும் எனக்குள் இருந்த மிடில் கிளாஸ் அப்பா விழுந்துவிட்டான். ஐ7-9700 வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு? "வேண்டாம், படிக்கிற பையன்." எஸ்.எம்.பி.எஸ்? கேபினெட்டோடு சேர்த்து இலவசமாக வந்தது. 450 வாட்ஸ் என்று பெரிசாகப் போட்டிருந்தது.

ஒரு வருஷம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னான். "அப்பா.. இதுல கேம் எதுவும் சரியா ஓடலப்பா." 2013ல் வந்த ஜிடிஏ 5 கூட ஸ்லைடு ஷோ மாதிரி நகர்ந்தது. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் அது 2021. சிப் பற்றாக்குறை ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங் செய்கிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை அழுதேன். அதற்கான பின் அந்த ஓசி எஸ்.எம்.பி.எஸ்ஸில் இல்லை. ஒரு கன்வெர்ட்டர் ஒயரைப் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஜூன் மாசம், டெல்லி வெயிலில் ஒரு நாள் சாயங்காலம், படார் என்று ஒரு சத்தம், கருகின வாசனை. எஸ்.எம்.பி.எஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "கேம் ஆடினதாலதான்ப்பா போச்சு, என் தப்புதான்" என்று அழுதான். அவன் தப்பா அது?

கழற்றி லேபிளைப் படித்தேன். ஒரு கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் லைனில். அந்த லைனுக்கு லேபிளில் இருந்தது 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட்ஸ். மேலே போட்டிருந்த 450 சும்மா அலங்காரம். கார்டு மட்டுமே 125 வாட்ஸ். பிராசஸர் பெயருக்கு 65 வாட்ஸ் என்றாலும் வேகம் எடுக்கும்போது அதைத் தாண்டும். இந்தப் பெருக்கல் கணக்கை வாங்குகிற அன்றைக்கே போட்டிருக்கலாம். எனக்கு அன்று ஐ-செவன் ஸ்டிக்கர்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றைக்கே பையன் "கேம்" என்று தைரியமாகச் சொல்லியிருந்தால்? ஏறக்குறைய பாதி விலைக்கு ஐ5-9400எஃப் வாங்கி, மிச்சக் காசில் பெரும்பகுதியைக் கார்டுக்குப் போட்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் வாங்கியிருப்பேன். விலை ஏறுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

"என்ன இருந்தாலும் ஐ-செவன் நாளைக்கு உதவும் இல்லையா?" என்பீர்கள். 2017 ஜனவரியில் வந்தது ஐ7-7700. அதே வருஷம் அக்டோபரில் வந்தது ஐ3-8100. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பிராசஸர் பட்டியலில் அந்த ஐ-த்ரீ இருக்கிறது, ஐ-செவன் இல்லை. 2022ல் வந்த ஐ3-12100, அதே நாலு கோர் எட்டு த்ரெட்டோடு, அந்தப் பழைய ஐ-செவனை வேகத்தில் முந்திவிட்டது. 3, 5, 7, 9 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் போடுகிற வரிசை எண்கள். எந்தத் தலைமுறை என்று பார்க்காமல் ஏழு பெரிசு என்பது, எந்த கிளாஸ் என்று கேட்காமல் மார்க்கை மட்டும் கேட்பது மாதிரி. அதுதான் நமக்குக் கைவந்த கலையாச்சே!

"கேம் மெஷின் வாங்கிக் கொடுத்தா படிப்பு கெட்டுடாதா?" கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ-செவனிலும் வேலரன்ட் ஓடும் சாமி. நீங்கள் கேமைத் தடுக்கவில்லை, காசைத்தான் வீணடித்தீர்கள். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதை பிராசஸரிடம் ஒப்படைக்க முடியாது.

சரி, எப்படித்தான் வாங்குவது? முதலில் பையனையோ பெண்ணையோ உட்கார வைத்து, என்ன கேம், எந்த மானிட்டர் என்று கேளுங்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஐ-நைன் வாங்குவது தெருமுனைக்குப் போக விமானம் ஏறுவது மாதிரி. பெரும்பாலான புது கேம்களுக்கு, நூறு ரூபாயில் நாற்பதை கார்டுக்கு ஒதுக்குங்கள். கார்டில் "4 ஜிபி" என்றதும் மயங்காதீர்கள். 2014ல் வந்த ஜிடி 730யிலும் 4 ஜிபி உண்டு, ஆனால் இன்றைய கேமுக்கு அது ஆகாது. பிராசஸர் ஆறு கோர் போதும். பெயர் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ராம் 16 ஜிபி ஒன்றாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் ஓசியில் வாங்காதீர்கள். "பில் வேணும்னா 18 பர்சன்ட் ஜாஸ்தி" என்றால் அந்தப் 18ஐக் கொடுத்து பில்லை வாங்குங்கள். பில் இல்லாத வாரண்டி வெறும் வாய்ச்சொல். என் கார்டுக்கு பில் இல்லை. வேறென்ன சொல்ல?

போன வாரம் லிஃப்ட்ல அதே கேள்வி. அதே "சேச்சே". அந்த அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்து, "எந்த கேம்டா?" என்றேன்.

அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மெதுவாகப் பெயரைச் சொன்னான். எங்க ஃப்ளோர் வந்தும் நாங்க மூணு பேரும் இறங்கவில்லை.