45ஆம் நாள் ஊசியன்று கழுத்தையும் காட்டுங்கள்

சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம் வட்டாரப் பொதுமக்களுக்கும் ஜவ்வாது மலைக் கிராமங்களின் பெற்றோருக்கும்:

கைக்குழந்தையின் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால், “உரம் விழுந்திருக்கு” என்று சேலையில் போட்டு உருட்டுவது நம் ஊர் வழக்கம். சாதாரணச் சுளுக்கும் பிறவிக் குறையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆகவே மருத்துவர் பார்க்கும் முன் எந்தக் குழந்தையின் கழுத்தையும் உருட்டவோ, திருகவோ, அழுத்தி நீவவோ வேண்டாம்.

பிறவிக் கழுத்துச் சாய்வு பெரும்பாலும் தசையால் வருவது. காதின் பின்புறமிருந்து நெஞ்செலும்புவரை இறங்கும் தசை ஒரு பக்கம் குறுகிவிட, தலை அந்தப் பக்கம் சாய்ந்து முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். பிறந்த 2 முதல் 4 வாரத்தில் அந்தத் தசையில் சிறு நெல்லிக்காய்போல ஒரு கட்டி தட்டுப்படலாம். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் தானாகக் கரையும். ஆனால் கட்டி கரைந்தாலும் தசை குறுகியே நிற்கலாம். இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியை முதல் சில மாதங்களிலேயே தொடங்கினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. தள்ளிப்போட்டால் தலை ஒருபுறம் தட்டையாகும், முகம் கோணும். இக்குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் விலகியிருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எலும்பால் வரும் குறைகள் வேறு. கருவில் தோள்பட்டை எலும்பு கழுத்தருகே உருவாகி, மூன்றாம் மாதத்துக்குள் முதுகுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒரு தோள் உயர்ந்திருக்கும்; அந்தக் கையை முழுதாகத் தூக்க முடியாது. ஜெர்மன் மருத்துவர் ஸ்ப்ரெங்கல் 1891இல் விவரித்த குறை இது. கடுமையாக இருந்தால் 3 முதல் 8 வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது.

இதனோடு கழுத்தெலும்புகள் ஒட்டிப் பிறப்பதும் சேர்ந்து வரலாம். குட்டைக் கழுத்து, பிடரியில் தாழ இறங்கிய முடி, திரும்பாத கழுத்து ஆகியவை இதன் அடையாளங்கள். மூன்றும் சேர்ந்து தெரிவது பாதிப் பேருக்கும் குறைவே. ஒன்று தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், இதயம், காது கேட்கும் திறன் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். இப்பிள்ளைகளின் தலையில் விறகுக்கட்டோ தண்ணீர்க்குடமோ ஏற்றாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை கபடியும் குட்டிக்கரணமும் வேண்டாம்.

எனவே நாங்கள் வேண்டுவது:

தாய்மார்களே, புதன்கிழமை தடுப்பூசிக்கு, குறிப்பாக 45ஆம் நாள் ஊசிக்குப் போகும்போது, குழந்தையின் சட்டையைக் கழற்றி, கழுத்தையும் இரு தோள்களையும் காட்டுங்கள். கட்டி இருந்தால் அந்த வயதில் கைக்குத் தட்டுப்படும்.

பாட்டிமார்களே, படவேடு கோயிலில் மொட்டை போடும்போது தலை ஒருபுறம் தட்டையாக இருக்கிறதா, பிடரி முடி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உரம் எடுப்பவர்களே, சுளுக்கு வழிப்பவர்களே, ஊர் உங்களை நம்புகிறது. கைக்குழந்தை வந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளை இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பாருங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். சந்தேகமுள்ள பிள்ளையை அன்று தவறாமல் வரவழையுங்கள். 18 வயதுவரை மேல்சிகிச்சைக்கு இலவசமாக அனுப்பிவைப்பார்கள்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வழி தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள். “வளர வளரச் சரியாகும்” என்று காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.

இவண்,
சந்தவாசல் வட்டாரப் பெற்றோர்கள்