ஆட்டமும் உழைப்புதான்

நம் சாம்பியன் ரீப்ஸில் பெண் பரதம் கற்கிறாள் என்றால் பெருமை. அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கவும் தயங்குவதில்லை. அதே பெண் நாட்டியக் குழுவில் சம்பளத்துக்குச் சேருகிறேன் என்றால் வீடே கலங்குகிறது. "வயதானால் யார் சோறு போடுவார்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைப் பெண்ணிடம் கேட்டுப் பயனில்லை, குழு நடத்துகிறவரிடம் கேட்க வேண்டும்.

பாரிஸ் ஓப்பராவின் பாலே குழுவைப் பாருங்கள். காலையில் பயிற்சி, பகலெல்லாம் ஒத்திகை, இரவில் மேடை. விரல்நுனியில் நின்றாடும் காலணி சில சமயம் ஒரே இரவில் நைந்துவிடும். உடம்பு தாங்காது என்பதால் 42 வயதில் பென்ஷனோடு ஓய்வு. 1698-ல் பதினான்காம் லூயி மன்னர் தொடங்கிய ஏற்பாடு! 2019-ல் அரசு அதில் கைவைக்க முனைந்தபோது, டிசம்பர் 24 அன்று குளிரில் அரங்கின் வாசலிலேயே ஆடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

தண்டவாளத்தையே தேய்மானம் அளந்து மாற்றுகிறோம் (ரயில்வேக்காரன் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்). முழங்காலுக்குக் கணக்கு வேண்டாமா?

1930-லேயே வேலைநிறுத்தம் செய்து உரிமை கேட்ட ஊர் நம்முடையது. பெண்ணைத் தடுப்பதை விட்டு, மாதச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். உண்டா, கால் பிசகினால் வைத்தியச் செலவு யாருடையது என்று கேளுங்கள். சங்க விழாவில் ஆட வருகிறவர்களுக்கும் பொன்னாடையோடு, பேசிய தொகையையும் அன்றைக்கே கொடுத்தனுப்புவோம்.