ரெக்கார்டு நோட்டை மூடிட்டு வயலுக்கு வாங்க

வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் ‘ராவே’ திட்டத்தில் கிராமத்தில் வந்து தங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனா பேனர் பிடித்து போட்டோ எடுத்ததுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது. விலங்கியல், தாவரவியல் படிக்கிறவர்களுக்கோ அதுகூட இல்லை. சீனியர் வரைந்ததைப் பார்த்து வரைகிற ரெக்கார்டு நோட்டுதான்.

பொறிவண்டைச் சின்னக் குழந்தையும் காட்டும். அதன் புழுவை? கறுப்பா, குட்டி முதலை மாதிரி, தட்டைப்பயறுச் செடியில் அசுவினியைத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘புழு விழுந்துடுச்சு’ன்னு பலர் மருந்தடிக்கிறார்கள். படத்தில் பார்த்தால் இது மனசில் நிற்காது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று மூணு நாலு வாரம் அதே வரப்பில் பார்க்கணும்.

நான் கேட்பது செலவில்லாத வேலை. வாரம் ஒருநாள் காலையில் வயலுக்குக் குறுக்கே நடந்து 20 செடியைப் பார்க்கட்டும். அசுவினி எத்தனை, பொறிவண்டு, சிலந்தி எத்தனை என்று பற்று வரவு மாதிரி எழுதட்டும். (வங்கியில் இருந்தவனுக்கு வேறெப்படித் தோணும்!) அந்த நோட்டு அவர்களுக்கு மதிப்பெண். நமக்கோ, இந்த வாரம் பூச்சிவிரட்டி அடிக்கணுமா வேண்டாமா என்ற முடிவு. வேப்பங்கொட்டைக் கரைசல் என்றாலும் கூலி கூலிதானே?

வந்த பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்புவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். பக்கத்துக் கல்லூரிக்குப் போய், “ஒரு போகம் முழுக்க நாலு பேரை அனுப்புங்க சார்” என்று நாமே கேட்கலாம். கேட்குமுன் தோட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டிவிடுங்கள். அது இல்லாமல் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?