குட்டி யானை எவ்வளவு சுமக்கும்?

களத்திலிருந்து நேரடி கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றும்போது மூட்டையை எண்ணுகிறோம், எடையைப் பார்ப்பதில்லை. வாடகை நடைக்கு இவ்வளவு என்பதால், 'இன்னும் நாலு போடுங்க' என்று சொல்வது பெரும்பாலும் விவசாயிகளாகிய நீங்கள்தான்.

2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, முக்கால் டன் வண்டி. எந்த வண்டியானாலும் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: காலி வண்டியின் எடை, சுமையோடு சேர்த்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடியது. ஓட்டுநரும் உடன் வருபவரும் அதில் அடக்கம். 750 கிலோவில் இருவருக்கு 130 கழித்தால் மிஞ்சுவது 620. அதாவது 40 கிலோ சிப்பம் 15. 60 கிலோ மூட்டை என்றால் 10.

ஈரநெல்லில் இதுவும் குறையும். கொள்முதல் வரம்பான 17 சத ஈரத்தில் 60 கிலோ நிற்கும் நெல், அறுத்த கையோடு 22 சதத்தில் 64 கிலோவுக்கு அருகில் இருக்கும். பத்து மூட்டைக்கு ஒரு சிப்பம் பாரம் கூடுதல்.

"ஸ்பிரிங் பிளேட் கூட்டியிருக்கோம், தாங்கும்" என்பார்கள். பிளேட் வண்டியைத் தாழாமல் பிடிக்கும், அவ்வளவே. ஆக்சிலும் பிரேக்கும் டயரும் பழையவைதான். வெண்ணாறு, வெட்டாற்றங்கரைச் சாலையில் எதிரே பேருந்து வந்து ஒதுங்கும்போது அது தெரியும். மூட்டை மேல் ஆள் வேறு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு நடை வாடகை எங்கே, இது எங்கே?

வண்டி பேசும்போதே ஆர்.சி.யைக் கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் ஈரப்பதம் பற்றிச் சொல்லும் கூட்டத்திலேயே இதையும் சொல்லலாம். ஒன்றரை டன் போக வேண்டுமானால் பெரிய பிக்கப்பைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் குட்டி யானையிலேயே நடையைக் கூட்டுங்கள்.