தொண்ணூற்றைந்தில் நின்றுபோன கணக்கு

"உமக்கு எழுத வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று கேட்டார் என் நண்பர். நன்றாகப் படித்தவர், என் கதைகளையும் விடாமல் படித்துவிட்டு, தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்கிறவர்.

நான் சொன்னேன்: "ஒரு வியாதி இருக்கிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது. மருந்தின் விலை அற்பம். ஆனாலும் வியாதி போகவில்லை. ஏன் போகவில்லை என்று எழுதப் போகிறேன்."

"அந்த ஜனங்கள் தினம் சோப்புப் போட்டுக் குளித்தால் தானே போய்விடும். இதற்கு ஒரு கட்டுரையா?" என்றார் அவர்.

இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வருகிற நம் எல்லோருடைய அபிப்பிராயமும் இதுதான். ஆகையால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வியாதிக்கு யாஸ் என்று பெயர். வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டுப்பக்கத்துக் கிராமங்களில், சாலை முடிந்துபோன இடத்துக்கும் அப்பால் வாழ்கிறவர்களை, அதிலும் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பிடிக்கிறது. ஒரு குழந்தையின் காலில் சிராய்ப்பு. கூட விளையாடும் குழந்தையின் காலில் நீர் கசியும் புண். இரண்டும் உரசினால் போதும். சில வாரங்களில் ஒரு தடிப்பு கிளம்பும். மேலே மஞ்சளாகப் பொருக்குக் கட்டும். பிறகு தானே ஆறும். ஆறிவிட்டது என்று தாய் நிம்மதி அடைவாள். கிருமியோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் உடம்பெங்கும் புண், எலும்பிலே குடைச்சல், உள்ளங்கால் தடித்து வெடித்து, ஊன்றி நடக்க முடியாத நிலை. வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் காலெலும்பு வளைந்துவிடும். சிலருக்கு மூக்கே அழிந்துபோகும்.

ஆளைக் கொல்லாது. கொல்லாததுதான் இதன் சாமர்த்தியம்! கொல்கிற வியாதியாக இருந்தால் நாம் பயந்திருப்போம். பயந்திருந்தால் ஏதாவது செய்திருப்போம்.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோப்பும் தண்ணீரும் இது பரவுவதைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் உடம்புக்குள் போய்விட்ட கிருமியை எந்தச் சோப்பும் கொல்லாது. மேலும், தண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறவளைப் பார்த்துக் "குளி" என்று உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்?

உபதேசத்துக்கு முன்னால் பழி வந்துவிடுகிறது. பெயரைப் பாருங்கள், தெரியும். இலங்கையில் இதைப் 'பறங்கி' என்றார்கள்: கப்பலில் வந்தவன் கொண்டுவந்ததாம்! நம் தமிழில் 'பறங்கிப்புண்' என்றால் மேகப்புண். இரண்டு கிருமிகளும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். சாதாரண ரத்தப் பரிசோதனையில்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் யாஸ் ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. விளையாடும் குழந்தைக்கு வருவது. மத்திய இந்தியாவிலோ 'கோண்டி ரோகம்', 'கோயா வியாதி' என்று பழங்குடிகளின் பெயரையே சூட்டிவிட்டார்கள். வியாதிக்கு ஒரு ஜாதிப் பெயரை வைத்துவிட்டால் போதும், அது அவர்கள் பாடு என்று நாம் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

நாவல் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இலங்கையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த லெனார்ட் உல்ஃப், 1913-ல் ஒரு நாவல் வெளியிட்டார். காட்டுக்குள் அழிந்துபோகும் ஒரு சிங்களக் கிராமத்தின் கதை. அந்த ஜனங்களை அரிக்கிற துன்பங்களில் பறங்கியும் ஒன்று. அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1905-ல், கொழும்பில் இருந்த அல்டோ காஸ்டெல்லானி கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆக, வைத்தியனுக்கும் தெரிந்திருந்தது, கதாசிரியனுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இந்த வியாதி தப்பவில்லை.

பென்சிலின் வந்தது. நீண்ட நாள் வேலை செய்கிற ஒரே ஊசி, புண் ஆறிவிடுகிறது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃபும் சேர்ந்து 46 தேசங்களில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு வைத்தியம் செய்தன. வியாதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. மனுஷ ஜாதி பெருமைப்பட வேண்டிய காரியம்தான், சந்தேகமில்லை.

பெருமைப்பட்டார்கள். பட்ட கையோடு விசேஷப் படைகளைக் கலைத்தார்கள். மிச்சம் ஐந்து பங்கை ஊர் ஆஸ்பத்திரிகள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்த ஐந்து பங்கு இருந்த ஊர்களில் ஆஸ்பத்திரி ஏது? எழுபதுகளின் கடைசியில் வியாதி மறுபடி தலைதூக்கிவிட்டது. அடுப்பை அணைக்கிறவள் கடைசிக் கங்குக்கும் தண்ணீர் தெளிப்பாள். பெரிய திட்டம் போடுகிறவர்களுக்கு அந்தச் சிறிய புத்தி வரவில்லை.

முடியாத காரியமா இது? நம் தேசத்தைப் பாருங்கள். 1996-ல் ஒரிஸ்ஸாவின் கோராபுட் ஜில்லாவில் ஆரம்பித்தார்கள். பிறகு பத்து மாநிலங்களுக்கு விரித்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை; அதே பழைய பென்சிலின் ஊசிதான். சுகாதார ஊழியர்கள் நடந்தார்கள்; வீடு வீடாகத் தேடினார்கள்; புண் உள்ளவனுக்கும் அவனோடு பழகினவர்களுக்கும் ஊசி போட்டார்கள். முதல் வருஷம் 3,500-க்கு மேல் இருந்த நோயாளிகள், 2004-ல் ஒருவரும் இல்லை. அதன் பின்னும் தேடுவதை விடவில்லை. 2016-ல் இந்தியா யாஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

இன்றைக்கு ஊசிகூட அவசியமில்லை. அஸித்ரோமைஸின் மாத்திரை ஒரே வேளை விழுங்கினால் ஊசிக்குச் சமம் என்று பாப்புவா நியூ கினியில் நடந்த ஆராய்ச்சி 2012-ல் காட்டிவிட்டது. புண் தெரிகிற ஒரு குழந்தைக்குப் பின்னால், புண் தெரியாமல் கிருமியைச் சுமக்கிறவர்கள் பலர் உண்டு; ஆகவே ஊர் முழுவதுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது புதிய திட்டம். அந்த நாட்டின் லிஹிர் தீவில் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் வியாதி வெகுவாகக் குறைந்தது. பிறகு? அன்று மாத்திரை சாப்பிடாமல் விட்டுப்போனவர்களிடமிருந்து மறுபடி கிளம்பிற்று. சிலரிடம் மாத்திரைக்கு அடங்காத கிருமியும் தோன்றிற்று. ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கப்பலேறினால் போதாது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் பாடம். 2020-க்குள் ஒழிப்போம் என்றார்கள், ஒழியவில்லை. இப்போது 2030 என்கிறார்கள்.

வாய்தா வாங்குவது கோர்ட்டுக்கு மட்டும் உரியதல்ல போலும்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நம்மிடம்தான் ஒழிந்துவிட்டதே! எங்கேயோ தீவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பதற்கு நாம் என்ன செய்ய?" என்றார்.

கோராபுட்டும் ஒரு காலத்தில் நமக்கு 'எங்கேயோ'தான் ஐயா. யாரோ அங்கே நடந்து போனார்கள். அதனால்தான் 'நம்மிடம்' என்று இன்று நீர் சொல்ல முடிகிறது. நீர் உடனே கப்பலேற வேண்டாம். நொண்டி நடக்கிற ஒரு குழந்தையைப் பார்த்து, "குளிக்கவில்லை, அதனால் வந்தது" என்று மட்டும் இனிமேல் சொல்லாதிரும். அந்தக் குழந்தையின் பேரில் குற்றம் இல்லை. தொண்ணூற்றைந்து வரைக்கும் எண்ணிவிட்டு, கணக்கு முடிந்ததென்று நோட்டை மூடினார்களே, குற்றம் அவர்கள் பேரில். மூடினதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நம் பேரிலும் கொஞ்சம்.